நகர வாழ்வில் மனநிறைவு: கரியாஹாட் தரும் பாடம்



"நகர வாழ்வு உங்களுக்கு மனநிறைவு அளிக்கிறதா?" என்று பொதுப்படக் கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. குடிநீர், போக்குவரத்து, நடைபாதை, கடைவீதி, பாதுகாப்பு எனத் தனித்தனியே கேட்க வேண்டும். யாரிடம், எக்காலத்தில் கேட்கிறோம் என்பதும் முக்கியமாகும். தென் கொல்கத்தாவின் கரியாஹாட் இதற்குத் தக்க சான்று.

ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் கூடும் அச்சந்திப்பின் நடைபாதைகள் துணிமணிக் கடைகளுக்குப் பெயர் பெற்றவை. 1996 நவம்பரில் மேற்கு வங்க அரசும் மாநகராட்சியும் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் நகரின் முக்கியச் சாலைகளில் இத்தகைய கடைகளை அகற்றின. நடப்போருக்கு வழி கிடைத்தது. விற்போருக்குப் பிழைப்பு போயிற்று. ஆயினும் காலப்போக்கில் கடைகள் மீண்டும் வந்தன. விற்போரின் வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. வாங்குவோரும் அவற்றை நாடினர். நடக்க இடமில்லை எனக் குறைகூறுபவரே பூசைக் காலத்தில் மலிவு விலைத் துணிக்காக அங்கு நிற்கிறார். ஒரே மனிதரிடம் நிறைவும் குறையும் ஒருங்கே உள்ளன.

குறைகள் இடம் மாறுவதும் உண்டு. 2002-இல் அங்கு மேம்பாலம் திறக்கப்பட்டது. அது வாகனத்தில் செல்வோரின் தேவைக்கு விடையளித்தது; கீழே நடப்போரின் இடநெருக்கடியைத் தீர்க்கவில்லை. 2019 ஜனவரியில் சந்திப்பிலிருந்த துணிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பற்றியபோது, கடைகளின் மேல் கட்டிய பிளாஸ்டிக் விரிப்புகள் கண்டனத்துக்கு உள்ளாயின. இடம் பற்றிய குறையுடன் பாதுகாப்பு பற்றிய அச்சமும் சேர்ந்தது.

தெருவில் வணிகம் செய்வதும் தொழில் உரிமையே என்றும், அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்றும் 1989-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களைத் தெரு வணிகரின் பிரதிநிதிகளுக்கு அளித்தது. விற்போரைக் கேளாமல் வீதியை ஒழுங்குபடுத்த இயலாது என்பதே இதன் உட்பொருள்.

மத்திய அரசு வெளியிட்ட 2020-ஆம் ஆண்டின் 'எளிதாக வாழ்தல்' குறியீட்டில் மக்கள் கருத்துக்கு 30 விழுக்காடு மதிப்பு வழங்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் சராசரி எண் ஒன்று, நடப்பவரின் நிறைவையும் கடை இழந்தவரின் துயரையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடக்கூடும்.

ஆகவே, மாணவர்களும் அதிகாரிகளும் மதிப்பெண்ணைப் படிப்பதோடு நில்லாது, அதன் பின்னுள்ள மக்களைத் தனித்தனியே காண வேண்டும். ஒரு சாராரின் வசதிக்காக மற்றொரு சாரார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பதைக் கணக்கில் கொள்ளாத திட்டம் நிலைக்காது. கரியாஹாட் நமக்கு உணர்த்துவது இதுவே.