கூடிய பாலில் நம் பங்கு



உற்பத்தியைப் பெருக்க, நிரையில் மரத்தைக் கூட்டினால் போதுமென்று சிலர் எண்ணுகிறார்கள். அவசரத்தில் கத்தி ஆழ்ந்து கட்டையைத் தொட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

1890களில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ரிட்லி காட்டிய வழி என்ன? பழைய வெட்டின் ஓரத்திலேயே பட்டையை மெல்லியதாய்ச் சீவவேண்டும் என்பதே. அது கைத்திறமை. ஆகவே புதியவருக்கு முதலில் பயிற்சி கொடுக்கவேண்டும். மழைநாள் வீணாகாதிருக்க மரத்துக்கு மழைக்காப்புக் கட்டவேண்டும்.

எத்திபோன் மருந்து பூசினால் வெட்டு நாளைக் குறைத்தும் பால் எடுக்கலாம்; ஆள் தேவையும் குறையும். அந்த இலாபம் முழுவதும் நிர்வாகத்துக்கே போகலாமா?

கிராணிமார்களே, எடையைத் தொழிலாளி கண்முன் எழுதுங்கள். தோழர்களே, திறமையைக் கொடுப்போம், பங்கையும் கேட்போம்!