ரமளானும் மாத்திரைச் சீட்டும்

(ஷஅபான் மாத இறுதியில் நம் பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் மருத்துவம் கற்றவரல்லர். மதரஸாவில் நோயாளியின் நோன்பு பற்றிய சட்டங்களை ஓதினோம். நோயைப் பற்றி ஓதவில்லை. அந்த அறியாமை சில ஆண்டுகளுக்கு முன் நம் கண்ணெதிரே ஓர் உயிரைக் கொண்டுபோக இருந்தது. ஆகவேதான் இன்று இதைப் பேச முன்வந்தோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வந்தார். ரமளான் பிறந்ததும், பகலில் மாத்திரை போட முடியாதே என்று அதை அடியோடு நிறுத்திவிட்டு நோன்பு பிடித்தார். தராவீஹுக்கும் தவறாமல் வந்தார். “இந்த வயதிலும் இவருடைய உறுதியைப் பாருங்கள்” என்று நாமே பிறரிடம் புகழ்ந்துரைத்தோம். மாத்திரையை நிறுத்தியது நமக்குத் தெரியாது, நாம் கேட்கவுமில்லை. ஒன்பதாம் நோன்பன்று அவருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டன. அஸர் நேரத்திற்குள் நினைவு தப்பியது. மருத்துவமனையில் முதலில் கேட்கப்பட்டது, “என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தார்?” என்பதே. உடன் சென்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய பேரன் வீட்டுக்கு ஓடிப் பழைய சீட்டைத் தேடிக் கொண்டுவந்த பிறகே உரிய ஊசி போடப்பட்டது. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

பின்னர் அந்த மருத்துவரிடம் சென்று விளக்கம் கேட்டோம். இரு சிறுநீரகங்களின் மேலும் அட்ரீனல் என்னும் சிறு சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் கார்டிசோல் இன்றி இரத்த அழுத்தம் நிலைகொள்ளாது. காய்ச்சலோ காயமோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால், நலமான உடல் அதனைத் தானே பன்மடங்கு கூட்டிக்கொள்கிறது. சுரப்பி பழுதுபட்டவருக்கு அது இயலாது. 1855ஆம் ஆண்டு தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயை விவரித்தார். அக்காலத்தில் காசநோயே இதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது. நம் நாட்டில் இன்றும் அது ஒரு காரணம்தான். ஆயினும் நம்மவரிடையே கூடுதலாகக் காணக்கூடியது வேறு வகை. ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உட்கொண்டால் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அது உடனே விழிப்பதில்லை. மூட்டுவலிக்கென்று ஊர்பேர் தெரியாத பொடிகளை வாங்கி உண்போரும் இதைக் கேட்க வேண்டும். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்றும் கேட்டோம். மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. இன்ன நாளில் வரும் என்று எந்த மருத்துவரும் சொல்ல இயலாது. ஆனால் யாருக்கு, எதன் பின்னால் வரக்கூடும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஜெர்மனியில் இந்நோயாளிகள் 423 பேரைச் சுமார் இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அக்காலத்தில் அவர்களிடையே 64 முறை உயிருக்கு ஆபத்தான நெருக்கடி நேர்ந்தது. இத்தனைக்கும் அவர்கள் தம் நோயைப் பற்றி முறையாகக் கற்பிக்கப்பட்டவர்கள்! அந்நெருக்கடியைத் தூண்டியவற்றுள் முன்நின்றவை வயிற்றுத் தொற்றும், காய்ச்சலும், மனத்துயரமும். முன்னர் ஒருமுறை இதில் சிக்கியவருக்கே மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். மய்யித்து வீட்டில் இத்தகைய நோயாளி இருந்தால், அழுகைக்கிடையே அவர் மாத்திரை போட்டாரா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொண்டோம்.

எழுந்து நின்றால் தலை சுற்றல், மிகுந்த சோர்வு, குமட்டல், வயிற்றுவலி, பிதற்றல் ஆகியன எச்சரிக்கைகள். ஸ்டீராய்டு அதிக அளவில் எடுப்பவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வெளியே தெரியாமல் போகலாம். காய்ச்சல் கண்டால் எந்த அளவுக்கு மாத்திரையைக் கூட்டுவது என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கி வைக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் வீட்டில் காத்திருத்தல் கூடாது. பெரியவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும், நரம்பில் உப்புநீரும் உடனே ஏற்றப்பட வேண்டும். தாமதமானால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.

இனி மார்க்கச் சட்டம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகவே வழங்குகின்றன. குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் நிலையில் நோன்பை விடுவது வாஜிப். மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தானே என்று பார்ப்பது பேணுதல் அன்று. இந்நோயாளிகள் அனைவரும் நோன்பை விட்டேயாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மருந்தை மாற்றி அமைத்து, ஸஹரிலும் இஃப்தாரிலும் உட்கொண்டு நோற்கத் தக்கவர் யார், கூடாதவர் யார் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு நம்மிடம் வாருங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருபவரை இனி நாம் புகழ மாட்டோம்.

நிர்வாகக் கமிட்டியிடம் சொல்லிச் சிறு அட்டைகள் அச்சிட்டு வைத்திருக்கிறோம். பெயர், நோய், உண்ணும் மாத்திரை, அதன் அளவு, வீட்டார் தொலைபேசி எண் ஆகிய ஐந்தும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பழைய சீட்டைக் கொண்டுவந்தால் மதரஸா மாணவர்கள் எழுதித் தருவார்கள். அட்டைகள் மோதினார் அறையில் உள்ளன. தாய்மார்களுக்குரியவற்றை அவரவர் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம்.