நூலும் ஊசியும் தரும் ஆறுதல்

(பெண்கள் தையல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் சுருக்கம்)



"பகல் முழுக்க மலையில கொழுந்து பறிச்சிட்டு, லயத்துக்கு வந்து சமைச்சு முடிச்ச பிறகு, இந்த ஊசி நூலைப் பிடிச்சு என்ன ஆகப் போகுது?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு நடிகையின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சட்டன் பொஸ்டர் என்று ஒரு நடிகை இருக்கிறார். 1975ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயோர்க் நகரின் புரோட்வே மேடைகளில் ஆடிப் பாடி நடிப்பவர். அங்கே மேடைக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் பெரிய பரிசான டோனி விருதை 2002இலும் 2011இலும் பெற்றவர். பார்க்கிறவர்கள், "இவளுக்கு என்ன குறை?" என்றுதான் நினைப்பார்கள். ஆனால் 2021இல் வெளிவந்த தமது புத்தகத்தில் பட்ட கஷ்டங்களை அவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்.

ஆரம்ப காலத்தில் கூட ஆடிய பெண்களே அவரை மனம் நோகப் பண்ணினார்கள். அதிலிருந்து ஒதுங்கத்தான் புள்ளடித் தையலைக் கையில் எடுத்தார். பிறகு குரோஷே பின்னல், படம் வரைதல் என்று கைவேலை வளர்ந்தது. கஷ்டமும் கூடவே வந்தது. தாயாருக்கு வீட்டை விட்டு வெளியே போகவே பயப்படும் நோய். கலியாணம் முறிந்தபோது அது பத்திரிகைகளுக்குத் தீனியானது. பிள்ளைப்பேறு இல்லாமல் ஏங்கினார். பின்னர் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். இந்தக் காலமெல்லாம் கைவேலைதான் அவர் மனதை நிலைப்படுத்தியது.

இது எப்படி நடக்கிறது? பின்னும்போது கண்ணிகளை எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கிற மனசு கவலையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கும். நாம் பறிக்கிற கொழுந்து தராசுக்குப் போய்விடும். சமைத்த சோறு அன்றைக்கே தீர்ந்துவிடும். ஆனால் பின்னிய துணி கண் முன்னால் இருக்கும். "இது நான் செஞ்சது" என்று தொட்டுப் பார்க்கலாம். அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஊசி நூல் மருந்து ஆகாது. நம்ம லயங்களிலும் தூக்கம் இல்லாமல், சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டு. அவர்களை, "திமிரு பிடிச்சவ" என்கிறோம். "பேய் புடிச்சிருச்சு" என்கிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். காய்ச்சல் வந்தால் மருந்து எடுக்கிறோமே, மனசுக்கு வரும் நோய்க்கும் அதே மாதிரி வைத்தியம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தோடு பேசலாம். அண்ணன் தம்பிமார்களே, இது உங்களுக்கும்தான். ஆம்பளை அழக்கூடாது என்று அடக்கி வைத்த துக்கம் கடைசியில் சாராயக் கடைக்குத்தான் வழி காட்டும்.

நூல் வாங்கக் காசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கிழிந்த பழைய சேலையை நீளமாகக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் நல்ல கால்மிதி. அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு பழைய சேலையோடு வாருங்கள். லயத்தில் தனியாக அடைந்து கிடக்கிறவர் யாரும் இருந்தால், அவர் கையையும் பிடித்துக் கூட்டி வாருங்கள்.