கோடைத் திருவிழாவும் வள்ளி திருமண நாடகமும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயிற் குடமுழுக்கு நிகழும் நன்னாளில் கல்லையும் சுதையையும் செம்பையும் பொன்னையும் பற்றிப் பேசுவோர் பலர் உளர். விமானத்தைப் புதுக்கியோர், திருமதிலை எடுப்பித்தோர், கலசத்துக்குப் பொன் பூசுவித்தோர் ஆகியோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பெறும். அது தக்கதே. ஆயினும் பாண்டி நாட்டு ஊர்க்கோயில்களுக்குக் கல்வெட்டில் இடம்பெறாத ஓர் அங்கம் உண்டு. கோடையில் ஓர் இரவு மட்டும் கொட்டகையாய் எழுந்து, மறுநாட் காலையில் கலைந்துவிடும் நாடக மேடையே அவ்வங்கம். அம்மேடையும் திருப்பணியைச் சேர்ந்ததே என்பதை எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

பசுமலை, மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் உள்ளது. அதன் அண்மையில் விளங்குவது, முருகப்பெருமான் தெய்வயானையம்மையை மணந்தருளிய திருப்பரங்குன்றம். மதுரைக்கு வடபால் அழகர்மலைமேல் பழமுதிர்சோலை உள்ளது. இவ்விரு படைவீடுகளுக்கும் இடையே அங்கயற்கண்ணி அரசாள்கிறாள். சித்திரைத் திங்களில் அன்னையின் திருமணத்துக்குப் பரங்குன்றத்து முருகன் தெய்வயானையோடு எழுந்தருள்வதும், தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாள் உடன் வருவதும் அன்பர் அனைவரும் அறிந்தவை. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அத்திருமண விழாவும் அழகர் வைகையில் இறங்கும் விழாவும் ஒருங்கே இணைந்தன என்பர்.

தெய்வயானையின் மணம் பரங்குன்றத்திலும், மீனாட்சியின் மணம் மதுரையிலும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. வள்ளியின் மணம் எங்கே நிகழ்கிறது? கந்தபுராணத்தின் நிறைவுப் படலமே வள்ளியம்மை திருமணப் படலமாகும். தொண்டை நாட்டு வள்ளிமலையோடும் ஈழத்துக் கதிர்காமத்தோடும் அக்கதையைச் சார்த்திச் சொல்வர். பாண்டி நாட்டுச் சமவெளியிலோ அம்மணம் மாரியம்மன் கோயில் முன்னும், காளியம்மன் கோயில் முன்னும், ஐயனார் திடலிலும், ஊர்தோறும் நாடக வடிவில் நிகழ்கிறது. குறவர் குடியில் வளர்ந்த பெண்ணைத் தேடி இறைவன் தானே நடந்து வந்த கதை அது. ஆதலின், மக்கள் வாழும் ஊருக்குள்ளேயே அது நிகழ்வது பொருத்தமுடைத்து.

கோடைக்கும் நாடகத்துக்கும் உள்ள தொடர்பு உழவின் வழி வந்தது. தைத்திங்களை ஒட்டி நெல் களம் ஏறிவிடும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசித் திங்களில் வயல் வெறுமையாய்க் கிடக்கும். உழவர் கையில் ஓய்வும் ஓரளவு பொருளும் இருக்கும். மழையை வேண்டியும் நோய் தணிய வேண்டியும் அம்மனுக்குக் காப்புக் கட்டுவர், முளைப்பாரி வளர்ப்பர், பொங்கலிடுவர். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வகுத்து, செல்வரும் கூலியாளரும் தத்தம் பங்கைச் செலுத்துவர். அவ்வரியில் ஒரு பகுதி நாடகத்துக்கு உரியது. நேர்த்திக்கடனாகத் தனி ஒருவரே நாடகம் நடத்திவைப்பதும் உண்டு. நுழைவுச்சீட்டு என்பது அங்கே இல்லை. பாய் கொண்டுவந்து விரித்தவருக்கு விரித்த இடம் உரியது. கோயில் வாயிலை நோக்கி மேடை அமைக்கும் வழக்கமும் உண்டு. அம்மனே முதலிற் காண்பவள் என்பது அதன் கருத்து.

இந்நாடகத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். இதில் நிலையான கம்பெனி எதுவும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊர். பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியம் வாசிப்பவர் இன்னோர் ஊர். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி முதலிய ஊர்களிலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். வெற்றிலை பாக்கோடு முன்பணம் பெற்று, நாளைக் குறித்துக்கொண்டு, குறித்த இரவில் வந்து சேர்கின்றனர். ஒத்திகை கிடையாது. முன்பின் சேர்ந்து நடித்திராத இருவர் அன்றிரவு வள்ளியும் வேலனுமாய் நிற்பதும் உண்டு. ஒருவர் சுருதி உயர்ந்தது. மற்றவர் சுருதி தாழ்ந்தது. ஆர்மோனியக்காரர் இருவரையும் தாங்கிப் பிடிக்கிறார். மிருதங்கக்காரர் தாளத்தைக் காக்கிறார். அவ்வாறு பொழுது விடியும்வரை ஒரு பெருங்கதை தடையின்றி நடந்தேறுகிறது.

இஃது எவ்வாறு இயலும் என வியப்போர்க்கு விடை, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் ஒரு பெயரே. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு தோன்றிய அப்பெரியார், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் முதலாகப் பல நாடகங்களை யாத்தார். பாட்டும் உரையாடலும் தருக்கமும் வரையறையோடு அமைந்த அப்பாடத்தைக் கலைஞர் பலர் வாய்மொழியாகவும் ஏட்டிலும் கற்றனர். பாடம் ஒன்றாய் இருந்தமையின் ஆட்கள் வேறாய் இருந்தும் நாடகம் சிதறவில்லை. தேவாரம் ஓதும் ஓதுவார் இருவர் வெவ்வேறு ஊரினராயினும் ஒரே பதிகத்தை ஒருங்கே பாட வல்லர் அன்றோ? அத்தகையதே இதுவும்.

சுவாமிகள் தொடக்கத்தில் தாமும் வேடம் புனைந்தவர். எமன், சனீசுவரன் முதலிய கடுமையான வேடங்களில் பெயர் பெற்றவர். சனீசுவரன் கோலத்தோடு அவரைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்றும், அதனால் உளம் நொந்த அவர் நடிப்பைத் துறந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வேடம் என்பது விளையாட்டுப் பொருளன்று என்பதை அவர் உள்ளத்தால் உணர்ந்திருந்தார். பின்னர் ஆசிரியராகி, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். தி. க. சண்முகம் உடன்பிறந்தார் பயின்றது அச்சபையிலேதான். 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். ஒரு நூற்றாண்டு கடந்தும் அவர் எழுதிய வள்ளி, கோடைதோறும் தினைப்புனம் காத்து நிற்கிறாள்.

அவ்விரவின் ஒழுங்கைச் சிறிது கூறுதல் தகும். ஊர் உணவு முடித்து இரவு பத்து மணியளவில் பெட்டி ஒலிக்கும். கடவுள் வாழ்த்து முதலிற் பாடப்பெறும். பபூன் வந்து சிரிக்கவைத்து, அலைந்துகொண்டிருக்கும் கூட்டத்தை ஓரிடத்தில் அமர்த்துவார். நள்ளிரவை ஒட்டி நாரதர் வருவார். தினைப்புனத்து வள்ளியோடு தருக்கம் தொடுப்பார். இல்லறம் உயர்ந்ததா, துறவு உயர்ந்ததா என்பன போன்ற வினாக்கள் அங்கே எழும். எழுத்தறியாத மூதாட்டியும் அத்தருக்கத்தில் எவர் விடை செம்மையானது என்று தீர்ப்புச் சொல்வார். பின்னர் முருகன் வேடனாய் வருவான். விருத்தனாய் வந்து தேனும் தினைமாவும் கேட்பான். யானைமுகத்தோன் துணை புரிவான். குழந்தைகள் உறங்கிவிடுவர், யானை வரும் நேரம் தாய்மார் அவர்களை எழுப்பிக் காட்டுவர். கீழ்வானம் வெளுக்கும் வேளையில் மங்களம் பாடி நாடகம் நிறைவுறும். புராணத்தைப் படித்தறியாத பல தலைமுறையினர் அதனைக் கற்ற பள்ளி இதுவே.

இம்மேடை நாட்டுத் தொண்டும் புரிந்தது. சிவகாசியிற் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விசுவநாததாஸ் (1886–1940), முருகனாய் வேடமிட்டு, மதுரகவி பாஸ்கரதாஸ் முதலியோர் இயற்றிய தேசியப் பாடல்களைப் பாடினார். வள்ளியின் புனத்தில் பறக்கும் வெள்ளைக் கொக்கு எவரைக் குறித்தது என்பதை மக்களும் அறிந்தனர், காவலரும் அறிந்தனர். பலமுறை அவர் சிறை புகுந்தார். முடிதிருத்தும் குலத்திற் பிறந்தவர் என்பதனால் அவரோடு மேடையேற மறுத்தவர்களும் இருந்தனர். எனினும் அவர் வேலேந்தி வந்தபோது திரண்டிருந்தோர் முருகனையே கண்டனர். 1940ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமணம் நடிக்கையில், மயில்மீது அமர்ந்த கோலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அடியார் பெருமையைக் கேட்டு உருகும் அன்பர்கள் இவ்வரலாற்றையும் நெஞ்சிற் கொள்ளத் தகும்.

இத்துணைச் சிறப்புடைய மேடை இன்று தளர்ந்துள்ளது. 1931இல் தமிழ்ப் பேசும்படம் தோன்றியபின் புகழ்பெற்ற நடிகர் பலர் அதனை நாடினர். பின்னர்த் தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. நோயுற்றோர்க்கும் பயிலும் சிறார்க்கும் அவ்விதி நன்மையே. ஆயினும் பத்து மணிக்குத் தொடங்குவதே வழக்கமாகிய ஒரு கலைக்கு அஃது இடர்ப்பாடாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் கொள்ளைநோயால் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது, கோடைத் திருவிழாக்களும் நின்றன. ஆண்டு முழுதும் உண்ணுதற்குரிய பொருளைச் சில திங்களில் ஈட்டும் கலைஞர்க்கு, அச்சில திங்களே இல்லாமற் போயின. அடுத்த ஆண்டுக் கோடையிலும் அத்துன்பம் தொடர்ந்தது.

இவை அனைத்தினும் பெரிய குறை வேறொன்று உண்டு. நள்ளிரவில் வள்ளியாய் நிற்கும் பெண்மணியைக் கண்டு கைகூப்பும் ஊர், பொழுது புலர்ந்தபின் அதே பெண்மணியைக் ‘கூத்தாடி’ என்று இழித்துரைக்கிறது. அவர் முக்காடிட்டு முதற்பேருந்தில் ஒதுங்கி அமர்ந்து ஊர் திரும்புகிறார். ஆடை மாற்ற மறைவிடம் இல்லாத கொட்டகைகள் உள்ளன. பேசிய ஊதியத்தை விடிந்தபின் குறைத்துத் தருவோரும் உளர். கருவறை விளக்குக்கு நெய் வார்ப்பவரிடம் எவரேனும் பேரம் பேசுவரோ? இறைவன் கதையைத் தம் உடலால் விளங்கக் காட்டுவோரிடம் அவ்வாறு பேசுதல் எவ்வகையில் அறமாகும்?

நாடகத்தில் பபூனும் நடனப் பெண்ணும் பேசுவன வரம்பு மீறுகின்றன. ஆகவே கோயில் வாயிலில் அது வேண்டா என்று கூறும் பெரியோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வரம்பை மீறச் செய்வோர் யார்? நாரதர் தருக்கத்தைச் சுருக்கி நகைச்சுவையை நீட்டுமாறு கூவுவோர் கூட்டத்தில் உள்ள சிலரே. கலைஞர் பொருள் தருவோரின் விருப்பத்துக்கு இசைகின்றனர். எனவே பொருள் தருவோர் சுவாமிகளின் பாடத்தை முழுமையாகக் கேட்க விழைந்தால், மேடை தானே தூய்மையுறும். பயிரில் களை தோன்றிற்று என்று வயலை விற்பார் இலர்; களையைப் பறிப்பதே உழவர் வழக்கம்.

ஆதலின் திருப்பணிச் செல்வர்கள் ஆற்றத்தக்கவை சில உள. பேசிய ஊதியம் அவ்விரவிலேயே முழுமையாகக் கலைஞர் கையைச் சேர்தல் வேண்டும். பெண்களுக்குத் தனியறையும் குடிநீரும் நல்லுணவும் அமைதல் வேண்டும். காவல்துறையின் இசைவை முன்கூட்டியே பெறுதல் வேண்டும்; ஒலிபெருக்கியின் வாய்களைக் குறைத்துத் திடலளவில் ஒலி அடங்குமாறு செய்தல் வேண்டும். விதி இடம் தராத ஊர்களில் அந்தி விளக்கு ஏற்றியவுடன் தொடங்கி, நாரதர் தருக்கத்தையும் விருத்தர் காட்சியையும் விடாமல் நடத்தலாம். கோயிலில் மேளக்காரர்க்கும் ஓதுவார்க்கும் வழங்கும் மாலையும் திருநீறும் நாடகக் கலைஞர்க்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, அம்மன் திருமுன்னிலையில் வழங்கப்பெறுதல் வேண்டும். பொருட்செலவு மிகுதியும் இல்லாத இந்த ஒரு மரியாதை, ஒரு கலைமரபின் நாணத்தைத் துடைக்கும்.

குடமுழுக்கு பன்னீராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. அதுவரை கல் பொறுத்து நிற்கும். கதையோ அவ்வளவு காலம் பொறுப்பதில்லை. சொல்வாரும் கேட்பாரும் ஆண்டுதோறும் கூடினாலன்றி, ஒரு தலைமுறைக்குள் அது மறைந்துபோகும். சிலையை அறிந்து, அச்சிலையின் கதையை அறியாத பிள்ளைகள் நாளை இத்திருவாயிலில் நிற்பாராயின், புதுக்கிய விமானமும் அவர்க்கு ஊமையாகவே தோன்றும். வரும் கோடையில் தலைக்கட்டு வரி எழுதும் ஏட்டில் நாடகத்துக்கென ஒரு பத்தியும், அரங்கின் முன்னே மூதாட்டியர்க்கும் சிறார்க்கும் ஓரிடமும் ஒதுக்கப்பெறுவனவாக!

தினைப்புனம் தேடி நடந்து வந்த பெருமான், அவன் கதையைச் சுமந்து ஊர் ஊராய் நடப்போர்க்கும், அவர்க்கு நிழல் தரும் அன்பர்க்கும் எல்லா நலமும் அருள்வானாக! வையம் செழிக்க! மாரி பொழிக! திருவிழா மேடை நிலைபெறுக!