ஒட்டுத் துணியில் ஓர் அரிசிப் பை
(ஊராட்சி உறுப்பினரும் உழவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் உங்கள் முன் கொணர்ந்திருப்பது ஒரு சிறு பை. பழைய வேட்டி, நைந்த சேலை, தையற்கடையில் கழித்த துண்டுகள் ஆகியவற்றால் ஆனது. வாயைச் சுருக்கிக் கட்டும் வகையில் நம் பாட்டிமாரின் சுருக்குப்பையை நினைவூட்டும். ஆயினும் இது பிறந்தது ஜப்பானில். அந்நாட்டார் இதனைக் 'கோமெபுகுரோ', அதாவது அரிசிப் பை என்பர். கோயிலுக்கு அரிசியைக் காணிக்கையாக இதில் எடுத்துச் சென்றனர்.

ஒட்டுத் துணியின் அருமையை அறிய ஜப்பானின் வடபகுதியாகிய அவோமோரியை நோக்க வேண்டும். அங்குக் குளிர் மிகுதி, பருத்தி விளையாது. உழவர் நார்த்துணியே உடுத்தினர். போதாக்குறைக்கு, உழவர் பருத்தியாடை அணியலாகாது என 1724-இல் த்சுகாரு ஆட்சியாளர் ஆணையிட்டனர். நார்த்துணியின் இடைவெளிகளைப் பெண்கள் நூலால் நெருக்கித் தைத்துக் குளிரைத் தடுத்தனர். தெற்கேயிருந்து கப்பலில் வந்த பழந்துணியைத் துண்டு துண்டாகச் சேர்த்து, அடுக்கி, ஒட்டுப் போட்டனர். இத்தையலுக்குச் 'சாஷிகோ' என்பது பெயர்.

வாழ்வு உயர்ந்தபின் அம்மக்கள் இவ்வாடைகளை வறுமையின் சின்னமெனக் கருதி நாணினர். தனாகா சுசபுரோ (1933–2013) என்பவர் ஊர் ஊராகச் சென்று அவற்றைத் திரட்டினார். அவ்வாறு திரட்டிய 786 பொருள்களை ஜப்பானிய அரசு 1983-இல் நாட்டுப்புறப் பண்பாட்டுச் செல்வமென ஏற்றது. நாணி மறைத்தது நாட்டின் பெருமையாயிற்று!

இனித் தைக்கும் முறையைக் கூறுவோம். 9 செ.மீ. சதுரமாக 45 துண்டுகள் வெட்டுக. ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே சுண்ணக்கோடு இடுக. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க வைத்து, கோட்டின் மேல் சிறு ஓட்டுத் தையல் இடுக. தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அடி பின்வாங்கிக் குத்துக. ஒன்பது துண்டு சேர்ந்தால் ஒரு பெருஞ்சதுரம். இவ்வாறு ஐந்து வேண்டும்: ஒன்று அடிக்கு, நான்கு பக்கங்களுக்கு. அடிச் சதுரத்தின் மூலையில் கோடுகள் கூடுமிடத்திலேயே தையலை நிறுத்துக. ஓரம் வரை ஓட்டினால் மூலை சுருங்கும். பின்னர்ப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்க.

23 செ.மீ. சதுரமான ஐந்து முழுத் துணிகளால் இதே போல் உட்பை ஒன்று தைத்து உள்ளே இடுக. இரண்டின் வாய் ஓரத்தையும் உள்ளே மடித்து, இடையில் பக்கத்துக்கு இரண்டாக எட்டுத் துணி வளையங்களைச் செருகித் தைக்க. 120 செ.மீ. கயிறுகள் இரண்டை எதிரெதிர்ப் பக்கமிருந்து எல்லா வளையங்களிலும் கோத்து முடிக. இரண்டையும் இழுத்தால் வாய் மூடும்.

எங்கள் முதற்பை அரிசியிட்டுத் தூக்கியவுடன் கிழிந்தது. நூல் அறவில்லை, தையலை ஒட்டிய நைந்த துணியே கிழிந்தது. தடித்த துணியோடு நைந்ததை இணைத்தது எங்கள் பிழை. மறுமுறை, நைந்த ஒவ்வொரு துண்டின் அடியிலும் வேறொரு துணி வைத்து, வரிவரியாகத் தைத்து, அதன்பின் சேர்த்தோம். அப்பை தாங்கிற்று. வடநாட்டு உழத்தியர் அடுக்கித் தைத்த காரணத்தை அன்றுதான் கை வழியாக அறிந்தோம்.

அன்பர்களே! மெலிந்ததைக் கழித்துவிட்டால் பை சிறுக்கும். வலியதோடு வெறுமனே இணைத்தால் கிழியும். அடியில் தாங்கல் கொடுத்தால் சுமக்கும். ஊர்ப்பணிக்கும் இது பொருந்தும் அன்றோ? உங்கள் வீட்டுத் தாய்மார் கையில் ஓர் ஊசியும், கழித்த துணியும், மாலையில் சிறிது ஓய்வும் கிடைக்கச் செய்யுங்கள். அவர்கள் தைப்பதைக் கண்டு யாரும் நாணாதிருக்கச் செய்யுங்கள். எஞ்சியதை அவர்கள் பார்த்துக்கொள்வர்.