ஒரே அக்கறை, இரண்டு கட்சி

குடியாத்தத்தில் விசைத்தறி ஓட மின்சாரம் வேண்டும். அது அணுவிலிருந்து வரலாமா? சுற்றுச்சூழல் ஆர்வலர்களே இதில் இரண்டு கட்சி.

பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 2004-இல், 'புவி சூடாவதைத் தடுக்க அணுமின்சாரம் தேவை' என்றார். நிலக்கரி போல அது கரியமில வாயுவைக் கக்காது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்போ கூடவே கூடாது என்கிறது. கழிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கதிர்வீசும். விபத்து நேர்ந்தால் ஊரே காலியாகும். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த 2011-இல் இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துத் திரண்டதும் இந்த அச்சத்தால்தான்.

எந்தக் கட்சியில் சேருவது என்று முடிவெடுக்க ஒரு பழைய தீர்ப்பு உதவும். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? முன்னெச்சரிக்கை வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அணு உலையோ அனல் மின் நிலையமோ, எது வந்தாலும் கேளுங்கள்: கழிவு எங்கே போகும், யார் செலவில்? பதில் கிடைத்த பிறகு கட்சி சேரலாம்.