தவறினாலும் அடிபடாத தெரு

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தெருவைக் கடக்கக் கற்பிப்பதெப்படி? தெருவிலேயே கற்பித்தால் ஒரு தவறு உயிரை வாங்கிவிடும். வாயால் சொன்னாலோ பலருக்கு மனதில் பதிவதில்லை.

1996-ல் அமெரிக்காவில், வட கரோலினாவில், டோரதி ஸ்டிரிக்லண்ட் அம்மையாரும் கூட்டாளிகளும் இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்கருவி மாட்டி, மெய்நிகர்த் தெருவொன்றைக் காட்டினார்கள். குழந்தைகள் அதில் வந்த மோட்டாரை அடையாளங் கண்டார்கள். இன்று அத்தகைய கருவி விலை குறைந்து, சில வகுப்பறைகளுக்கே வந்துவிட்டது.

இதில் மந்திரமில்லை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது; அவ்வளவே. இரைச்சலைக் குறைக்கலாம், பத்துத் தடவை தவறினாலும் அடிபடுவதில்லை.

ஆனால், கருவி உபாத்தியாயராகாது. அதை மாட்டவே சகியாத பிள்ளையை வற்புறுத்தலாகாது. கற்றது மெய்யான தெருவில் பயன்பட்டதா என்பதே பரீட்சை.

“இதற்குப் புத்தியில்லை” என்று பிள்ளையைத் தள்ளிவைப்போரை நாம் கேட்கிறோம்: அதற்கேற்றபடி கற்பிக்கும் புத்தி உங்களுக்கு வந்ததா?